விடுபட்டவர்களை எண்ணுவது: குமரி மாவட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை நோய்த் திட்டத்தை மதிப்பிடுதல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்பை அளக்க ஒரு டேப், ரத்த அழுத்தக் கருவி, ஒரு கட்டு படிவம். இவற்றோடு குமரி மாவட்டத்தின் ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்குவது என் வேலை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக நடக்கும் தொற்றா நோய்த் திட்டத்தால் பலன் உண்டா என்று பார்க்கும் கணக்கெடுப்பு அது. வாசலில் நிற்கும்போதும், ஊராட்சிக் கூட்டங்களிலும், மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலிருந்தும் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் ஒரே அளவில் இருக்காது. சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும்.

‘இதய வளர்சிதை மாற்ற அபாயம்’ என்று படிவத்தில் போட்டிருக்கிறதே, அது என்ன நோய்?

அது தனி நோயின் பெயர் இல்லை. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, தொந்தி ஆகிய நான்கும் பெரும்பாலும் கூட்டாளிகளாகவே வரும். ஒன்று வந்த வீட்டுக்கு மற்றவையும் வழி கேட்டு வந்துவிடும். நான்கும் சேர்ந்து மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் எவ்வளவு வாய்ப்பு உண்டாக்குகின்றன என்பதற்குத்தான் அந்த நீண்ட பெயர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனால் நம் ஊர் உடல்வாகுக்கு அது அதிகம். டேப் எடுத்து வருவது அதற்காக.

நாடு முழுவதும் எடுக்கப்பட்டு 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு, 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும் இன்னும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. வளர்ந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம்.

குமரி மாவட்டத்தில் எல்லோரும் படித்தவர்கள். இங்கேயுமா இந்தப் பிரச்சினை?

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். நெய்யூரில் 1838இலேயே மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. இன்று எந்தச் சந்திப்பில் இறங்கினாலும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் கண்ணில் படும். ஆகவே இங்கே பலருக்குத் தங்கள் சர்க்கரை அளவு தெரியும். போன மாதம் எவ்வளவு, அதற்கு முந்தைய மாதம் எவ்வளவு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் இரண்டாம் முறை போட்டுக்கொள்வார்கள். எண் தெரிவதற்கும் எண் இறங்குவதற்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்த மாவட்டத்தின் கதை.

தொழிலையும் சேர்த்துப் பாருங்கள். அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். பால் வெட்டுகிறவர் விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குள் போய்விடுகிறார். காலை மாத்திரை மேசையில் கிடக்கிறது. தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்து ஆட்கள் தங்குகடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரையைப் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. கருவாட்டுச் சட்டி அந்த எல்லையைக் காலை உணவிலேயே தாண்டிவிடும். (தேங்காய் எண்ணெயைப் பற்றி யாரும் என்னிடம் கேட்காதீர்கள். அந்தச் சண்டையில் நான் இறங்குவதில்லை.)

நீங்கள் மதிப்பிடுவது எந்தத் திட்டத்தை?

மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டம் 2010இல் தொடங்கியது. முப்பது வயது தாண்டிய எல்லோரையும் பரிசோதிப்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் 5 ஆகஸ்ட் 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதன் மேல் வந்தது. சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். 2024இல் இதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

இப்படி ஒரு திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி (தொற்றா நோய்களின் அபாயங்களை அளக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கெடுப்பு முறை அது) உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது.

மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இதற்கு மேல் மதிப்பிட என்ன இருக்கிறது?

கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போயிருந்தேன். பதிவேட்டில் அவர் முதல்தரமான நோயாளி; ஒரு மாதம்கூடத் தவறாமல் மாத்திரை வாங்கியிருக்கிறார். மாத்திரையைக் காட்டச் சொன்னேன். அலமாரியைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினார். மூன்று மாதத்து அட்டைகள், ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. ரப்பர் பேண்ட் போட்டு மாதவாரியாகக் கட்டி வைத்திருந்தார். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவரே சொன்னார்: “எனக்கு இப்போது தலைசுற்றல் இல்லை மக்களே. மகனுக்கும் இதே பிரஷர்தான். கடலுக்குப் போயிருக்கிறான், வந்தால் அவனுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.”

மகனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அன்று அந்தக் கட்டிலில் கிடந்தவை இரண்டு தோல்விகள். கொடுத்த மாத்திரை விழுங்கப்படவில்லை. மாத்திரை தேவைப்பட்ட இன்னொருவர் கணக்கிலேயே வரவில்லை. மாத அறிக்கையிலோ இரண்டுமே தெரியாது. அதில் ‘விநியோகம் நூறு சதவீதம்’. மதிப்பீடு என்ற வேலையே அந்த அறிக்கையில் எழுதாத இரண்டு வரிகளைத் தேடிப் போவதுதான்.

தன்னார்வலரை நான் குறை சொல்லவில்லை. அட்டையைக் கையில் கொடுப்பது வரைதான் அவரிடம் கேட்கப்பட்டது, அதை அவர் செய்தார். பழைய அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுப் புதியதைக் கொடுங்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்திருந்தால் அதையும் செய்திருப்பார்.

65 சதவீதம் பேருக்குக் கட்டுப்பாடு என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் 16 என்கிறார். யார் பொய் சொல்வது?

யாரும் பொய் சொல்லாமலே இந்த இரண்டு எண்ணும் வரலாம். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் 30,000 பேர். அவர்களில் சுமார் 5,000 பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்யப்பட்டவர்கள் 2,000. கடந்த மூன்று மாதத்தில் ஒருமுறையாவது பார்க்கப்பட்டவர்கள் 1,200. அவர்களில் 140/90க்குக் கீழே இருந்தவர்கள் 780.

780ஐ 1,200ஆல் வகுத்தால் 65 சதவீதம். 2,000ஆல் வகுத்தால் 39. 5,000ஆல் வகுத்தால் 15.6. மேலே இருக்கும் எண் மாறவே இல்லை. கீழே யாரை வைத்தோம் என்பதுதான் மாறியது.

கூட்டத்தில் எந்த எண்ணை வாசிப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. வராதவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினால் எந்தத் திட்டமும் வெற்றிதான்; தேர்வுக்கு வராத பிள்ளைகளைக் கழித்துவிட்டுத் தேர்ச்சி விகிதம் போடுகிற மாதிரி. இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி 2017இல் தொடங்கியபோது நல்ல பழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தது: ஒரு காலாண்டில் பதிவானவர்கள் எல்லோரையும் ஒரு குழுவாக வைத்துக்கொண்டு, சில மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை, எத்தனை பேர் வரவே இல்லை என்று மூன்றாகப் பிரிப்பது. அந்த மூன்றாவது பங்குதான் நான் முதலில் பார்ப்பது. ஆனால் அந்தக் கணக்கும் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களோடு முடிந்துவிடும். பாட்டியின் மகனைப் பிடிக்க வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

சுகாதார நிலையத்தில் எழுதி வைத்த அழுத்த எண்களையே எடுத்துக்கொள்ளலாமே, ஏன் மறுபடி அளக்கிறீர்கள்?

ஒரு பதிவேட்டில் ஒரு பக்கம் முழுக்க 130/80, 130/80 என்று மேலிருந்து கீழ்வரை இறங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு 140/90, அதுவும் சலிப்புத் தீர எழுதியதுபோல. டிஜிட்டல் கருவியில் அளந்தால் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறக்குறைய சமமாகப் பரவி வர வேண்டும். பாதிக்கு மேல் பூஜ்யத்தில் முடிந்தால் எங்கோ கண் மதிப்பு நுழைந்துவிட்டது. பதிவேட்டைத் திறந்ததும் நாங்கள் செய்கிற முதல் சோதனை இதுதான். ஐந்து நிமிடத்தில் முடியும், செலவும் கிடையாது.

அளக்கும் முறையும் முக்கியம். ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஒரு பெண்மணி படியேறி மூச்சு வாங்க வந்தார்; அடுப்பில் புட்டுக்குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்ததாகச் சொன்னார். நின்ற நிலையில் கையில் பட்டையைச் சுற்றினார்கள்: 162. நான் கேட்டுக்கொண்டதால் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை மேசைமேல் நெஞ்சளவில். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. மறுபடி: 146. இன்னும் ஒரு நிமிடம் கழித்து: 138. பத்து நிமிடத்துக்குள் ஒரு நோயாளி காணாமல் போய்விட்டார். பருமனான கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினாலும் இதே கதைதான், எண் ஏறிக் காட்டும்.

அதனால் எங்கள் ஆட்கள் வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் கோபப்படாதீர்கள். சாயா கொண்டுவந்தாலும் அளந்து முடித்த பிறகுதான் குடிப்போம். உங்களையும் அதற்கு முன் குடிக்க விடமாட்டோம்.

முகாமில் 165 இருந்தது, மூன்று மாதத்தில் 148 ஆகிவிட்டது. இது திட்டத்தின் பலன்தானே?

ஒரு பகுதி இருக்கலாம். ஒரு பகுதி சும்மா இருந்தாலும் இறங்கியிருக்கும். அழுத்தம் தினம் ஏறி இறங்குவது. ஒரு முகாமில் எண் அதிகமாக இருந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அன்றைக்கு மட்டும் ஏறியிருந்தவர்களும் அதில் சேர்ந்துவிடுவார்கள். அடுத்த முறை அவர்கள் தங்கள் வழக்கமான அளவுக்குத் திரும்புவார்கள். மருந்தே கொடுக்காவிட்டாலும் சராசரி இறங்கும். இதைத் தெரியாமல் ‘முன்–பின்’ படம் போட்டுக் கைதட்டு வாங்கிய திட்டங்கள் ஏராளம்.

அப்படியானால் பலனை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊர் வேண்டும். மாநிலத் திட்டம் எல்லா ஊரிலும் நடப்பதால் ‘திட்டமே இல்லாத ஊர்’ கிடைக்காது. அப்படி ஒன்றை வேண்டுமென்று விட்டுவைப்பதும் நியாயமில்லை. ஆகவே கூடுதலாகச் சேர்க்கும் ஒன்றைத்தான் சோதிக்க முடியும்: வராதவர்களுக்குத் தொலைபேசி அழைப்பு, ஊருக்குள் நடக்கும் சிறு குழுக்கூட்டம், மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பது போல. நம் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் ஒன்பது. எல்லாவற்றிலும் ஒரே நாளில் தொடங்காமல், சீட்டுப் போட்டு வரிசை வைத்து இரண்டிரண்டாகத் தொடங்கினால், பின்னால் வரும் ஒன்றியங்கள் அதுவரை ஒப்பீடாக நிற்கும். கடைசியில் எல்லோருக்கும் கிடைத்துவிடும். யாருக்கும் மறுக்கவில்லை, கணக்கும் கெடவில்லை.

ஆனால் மேல்புறத்தையும் அகஸ்தீஸ்வரத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒன்று ரப்பரும் மலையும், மற்றது வயலும் கடலும் சுற்றுலாவும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மாறியது என்பதை எடுத்து, அந்த மாற்றங்களைத்தான் ஒப்பிட வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளை எந்தச் சராசரியிலும் கரைத்துவிடாமல் தனியாகவே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அவர்களுக்கு மாத்திரைக்கு முன்னால் பாதை ஒரு பிரச்சினை.

போன தடவை ஜூன் மாதம் வந்தீர்கள், இந்தத் தடவையும் ஜூன். மழையில்தான் வருவீர்களா?

வேண்டுமென்றேதான். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போதுதான் குளச்சல் முதல் நீரோடி வரை பல ஆண்களை வீட்டில் பார்க்க முடியும். இதில் ஒரு பொறியும் இருக்கிறது. முதல் கணக்கெடுப்பை மார்ச்சில் எடுத்து அடுத்ததை ஜூனில் எடுத்தால், ‘ஆண்களின் பங்கேற்பு உயர்ந்தது’ என்று ஒரு அழகான முடிவு வரும். உயர்த்தியது அரசாணை. வெயில் காலத்தில் ரத்த அழுத்தம் சற்று இறங்குவதும் உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் சர்க்கரை பார்த்துவிட்டுத் தவக்காலத்தில் திரும்பப் பார்த்தாலும் திட்டத்துக்கு இனாமாகக் கொஞ்சம் நல்ல பெயர் கிடைக்கும். எனவே எந்த மாதம் தொடங்கினோமோ அதே மாதம் திரும்பி வருகிறோம். குடையோடு.

நாங்கள் தனியார் டாக்டரிடம் பார்க்கிறோம். எங்களை ஏன் கேட்கிறீர்கள்?

உங்களை விட்டால் கணக்கு இரண்டு பக்கமும் கெடும். அரசுப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று இருக்கும் ஒருவர் நாகர்கோவிலில் மாதம் தவறாமல் மருத்துவரைப் பார்த்து நன்றாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் மாத்திரை வாங்கி, மாத்திரையின் பெயர் வேறாக இருப்பதால் ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. சீட்டையும் அட்டையையும் காட்டினால் போதும். எவ்வளவு செலவாகிறது என்றும் கேட்போம். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் மாத்திரையையும் காட்டுங்கள்.

இதுபோல ஆய்வு பக்கத்தில் எங்காவது நடந்திருக்கிறதா?

களியக்காவிளையைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை தாலுகா. கேரள சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டம் அங்கேதான் சோதிக்கப்பட்டது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகள், அபாய மதிப்பெண் அதிகமாக இருந்த 1,007 பேர். சில பகுதிகளில் ஊர்க்காரர்களே நடத்திய குழுக்கூட்டங்கள் ஓராண்டு நடந்தன. மற்றவற்றில் அறிவுரைக் கையேடு மட்டும். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது குழுக்கூட்டம் நடந்த பக்கம் 14.9 சதவீதம் பேருக்கும், மற்றப் பக்கம் 17.1 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்று ஆய்வாளர்களே 2018இல் எழுதினார்கள். காய்கறி, பழம் சாப்பிடுவது போன்ற சிலவற்றில் முன்னேற்றம் தெரிந்தது.

சென்னையில் நடந்த இந்திய சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டத்தின் முடிவு, 2006இல் வெளியானது, இதைவிட உற்சாகமானது. மூன்று ஆண்டில் ஒப்பீட்டுக் குழுவில் 55 சதவீதம் பேருக்கும், உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. ஆனால் அங்கே குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பரிசோதித்து, நோயின் வாசலிலேயே நின்றவர்களை மட்டும் சேர்த்தார்கள். யாரைச் சேர்க்கிறோம் என்பது முடிவைப் பாதி எழுதிவிடுகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலும் துருவத்திலும் ஒரே சட்டையைப் போட்டுப் பார்க்க முடியாதல்லவா?

என்னைக் கேட்டால் நெய்யாற்றின்கரை ஆய்வைத்தான் அதிகம் மதிப்பேன். அதே மரச்சீனி, அதே ரப்பர், அதே மழை. எதிர்பார்த்த அளவு வரவில்லை என்று திறந்து சொல்லவும் செய்தார்கள்.

மாரடைப்பு குறைந்ததா என்று நேரடியாக எண்ணினால் என்ன?

ஒரு ஒன்றியத்தில் இரண்டு ஆண்டில் நடக்கும் மாரடைப்புகளின் எண்ணிக்கை, வித்தியாசத்தை நிரூபிக்கப் போதாது. மேல் அழுத்தம் 10 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் சுமார் 20 சதவீதம் குறையும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. ஆகவே அழுத்தத்தை ஒழுங்காக அளந்தாலே இப்போதைக்குப் போதும்.

இது தன்னார்வலர்களுக்கும் செவிலியர்களுக்கும் வைக்கும் தேர்வா?

இல்லை. அவர்கள் பெயர் எந்த அட்டவணையிலும் வராது. ஒருவர் எத்தனை வீடு பார்க்க வேண்டியிருக்கிறது, எத்தனை படிவம் எழுதுகிறார் என்பது மட்டும் வரும். 130/80 பக்கம் எப்படி உருவாகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் அந்த எண்ணிக்கையில் கிடைத்துவிடுகிறது.

எங்கள் விவரம் வெளியே போகுமா? பெண்களுக்கு யார் அளப்பார்கள்?

பெயர் தனியாக, எண்கள் தனியாக வைக்கப்படும். பெண்களுக்குப் பெண் பணியாளரே அளப்பார். விருப்பமில்லை என்றால் நடுவிலும் நிறுத்திவிடலாம். அதனால் உங்கள் மாத்திரை நிற்காது.

அளக்கும்போதே மிக அதிகமாக இருந்தால்?

180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புவோம். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் இருந்தால் படிவத்தை மூடிவைத்துவிட்டு 108ஐ அழைப்போம். கணக்கெடுப்பில் ஒரு வரி காலியாகும், ஆகட்டும்.

பக்கத்து வீட்டுக்கு வந்தீர்கள், எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டீர்களே? எங்களையும் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?

சேர்க்க முடியாது. மன்னிக்கவும். வீடுகள் சீட்டுக் குலுக்கியதுபோல எடுக்கப்பட்டவை. கேட்டு வருகிறவர்களைச் சேர்த்தால், உடம்பில் அக்கறை உள்ளவர்களே கணக்கில் நிறைவார்கள். தேர்ந்தெடுத்த வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகாமல் அதே வீட்டுக்கு மூன்று முறை திரும்பிப் போவதும் அதனால்தான். துணிப்பையைக் காட்டிய பாட்டியின் வீட்டுக்கு ஜூன் இரண்டாம் வாரம் மறுபடி போனேன். மகன் திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். 158/98. முப்பத்தெட்டு வயது. பதிவேட்டில் புதிய வரி ஒன்று எழுதினார்கள்.